நான்கு விமானங்களில் ஒரே பெயர்

கணினி விளையாட்டுகளுக்குப் படம் வரையும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி இந்தப் புத்தகத்தைத் தொகுப்பவர்கள் கேட்டபோது, முதலில் மறுத்தேன். ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர்களை வைத்துப் போர் விமானங்களை வரைய வைத்த மனிதர் என்று என்னைப் பற்றி உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மைதான். அந்தக் கதையின் பிற்பாதி அவர்களுக்குத் தெரியாது. எழுதினால் அதைத்தான் எழுதுவேன் என்றேன். சரி என்றார்கள்.

நான் செய்தது இதுதான். இறந்துபோன ஒருவரின் பெயரை, அவர் இறந்துவிட்டார் என்று தெரிந்தே, ஒரு விளையாட்டு விமானத்தின் மேல் எழுத வைத்தேன். அதற்கான தண்டனையை இன்னொருவர் அனுபவிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை உங்களைக் காக்க வைக்கும் தகுதி எனக்கு இல்லை.

இயற்பியல் படித்துவிட்டு, சென்னையில் கணினி வேலை பார்த்து, தொண்ணூறுகளின் நடுவில் ஆரணிக்குத் திரும்பியவன் நான். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் ஐந்து கணினிகளை வைத்து டிசைன் சென்டர் தொடங்கினேன். அதுவரை புடவையின் பார்டரையும் முந்தானையையும் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அந்த அட்டை தறியின் மேல் ஏறும். நாங்கள் தாளிலிருந்த கட்டங்களைத் திரைக்கு மாற்றினோம். வேலையின் நுட்பம் மாறவில்லை. ஒரு கட்டம் தள்ளிப் போனால் மயிலின் கழுத்து ஒடிந்துவிடும், தாளிலும் திரையிலும்.

அந்தக் கட்டங்களில் கை தேர்ந்தவர் ஒருவர் எங்களிடம் இருந்தார். அவரை சென்டரில் எல்லோரும் கிராஃப் அக்கா என்பார்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். அதற்கான காரணம் கடைசியில் வரும். முள்ளிப்பட்டிலிருந்து தினமும் வருவார். கணவர் வீட்டுத் தறியில், மாஸ்டர் வீவர் கொடுக்கும் பாவு நூலை வாங்கிக் கூலிக்கு நெய்பவர். அக்கா பத்தாவது வரை தமிழில் படித்தவர். ஆங்கில எழுத்துகள் தெரியும், வாக்கியம் தெரியாது.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். சென்னையில் ஒரு விளையாட்டு மென்பொருள் நிறுவனத்தின் பொறுப்பாளர், தங்கை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க ஆரணிக்கு வந்தார். கடைக்காரர் டிசைன் காட்டுவதற்காக எங்கள் மாடிக்கு அழைத்து வந்தார். குடும்பத்தார் நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அக்கா ஓர் அன்னத்துக்குக் கண் வைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு கட்டத்துல கண்ணு வெச்சுட்டாங்க சார்," என்றார் என்னிடம். "எங்க பசங்களுக்கு நாப்பது கட்டம் கொடுத்தாலும் வரமாட்டேங்குது."

அடுத்த வாரம் வேலை வந்தது. வெளிநாட்டில் ஏற்கெனவே விற்பனையில் இருந்த ஒரு விமானப் போர் விளையாட்டில், புதிதாக பிரிட்டிஷ் போர் ஜெட்டுகளைச் சேர்க்கிறார்கள். ஹண்டர், ஹாரியர், ஜாகுவார் என்று ஆறு ரகங்கள். விமானத்தின் உருவத்தைச் சென்னையில் செய்துவிடுவார்கள். அதன்மேல் போர்த்தும் தோலை, அதாவது வண்ணம், வட்டக் குறி, எண், ஆணித்தலை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் நாங்கள் வரைய வேண்டும். அந்தக் காலத்துக் கணினிகள் பெரிய படங்களைத் தாங்கமாட்டா. ஒரு முழு விமானத்தின் தோலும் ஒரு முந்தானை மோட்டிஃபுக்கான கட்டங்களுக்குள் அடங்க வேண்டும். அதனால்தான் அவர் எங்களைத் தேடி வந்தார்.

முதல் விமானத்திலேயே ஒரு கூத்து நடந்தது. பார்டர் டிசைனில் பாதியை வரைந்து மறுபாதியைப் புரட்டிப் போடுவது எங்கள் பழக்கம். விமானத்துக்கும் அப்படியே செய்துவிட்டோம். சென்னையிலிருந்து போன் வந்தது.

"சார், இடது பக்கம் சூப்பர். வலது பக்க நம்பரைக் கண்ணாடியிலதான் படிக்க முடியுது."

அக்காவிடம் சொன்னேன். "அன்னம் ரெண்டும் ஒண்ண ஒண்ணு பார்த்துகினு நிக்கும். அதான் லட்சணம்," என்றார். "ப்ளேனுக்கு அது ஆவாதா? சரி, திருப்பிப் போட்டுடறேன்." சென்டரே சிரித்தது. சிரித்து முடித்துவிட்டு மறக்கக்கூடிய தவறுகளும் தொழிலில் உண்டு.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாணப் புடவையின் முந்தானையில் மணமக்களின் பெயரை நெய்து கேட்பவர்கள் உண்டு. நெய்த பெயரை அழிக்க முடியாது. ஓர் எழுத்து தவறினால் புடவையே வீண். அதனால் அக்கா வாய்மொழியாகச் சொல்லும் பெயரை வாங்கவே மாட்டார். பெயர் தருகிறவர் ஒரு சீட்டில் தம் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட வேண்டும். அதைப் பேர்ச்சீட்டு என்பார். கிராஃபுடன் அது குண்டூசியால் குத்தப்பட்டிருக்கும். புடவை நல்லபடியாகக் கைமாறிய பிறகு, சீட்டை எழுதியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒருமுறை ஒரு பெரிய கடைக்காரர் போனில் பெண்ணின் பெயரைச் சொன்னபோது, "உங்க பொண்ணு பேருங்க. உங்க கையாலதான் வரணும்," என்று சொல்லி அவரை மாடி ஏற வைத்தார்.

இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு. "பேருன்னா படிக்க வரணும். படிக்க வரலன்னா அது பேரு இல்ல, அழுக்கு."

மூன்று விமானங்கள் முடிந்திருந்தன. சென்னைக்குத் திருப்தியில்லை. "எல்லாம் சரியாத்தான் இருக்கு சார். ஆனா பொம்மை மாதிரி இருக்கு," என்றார் பொறுப்பாளர். "யாரோ உள்ள உக்காந்து ஓட்டின ப்ளேன் மாதிரி இல்ல."

அந்தச் சொல் என்னை உறுத்தியது. அவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம் பாராட்டு வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. நடந்ததற்கு வேர் அந்த ஆசைதான்.

நான்காவது விமானத்துக்கு நல்ல படம் தேடி இணையத்தில் உட்கார்ந்தேன். அது எந்த ரகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் உங்களில் யாராவது பெயரைத் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு படம் கிடைத்தது. பக்கவாட்டில், நிழல் விழாமல், ஆணி ஆணியாகத் தெரியும் படம். விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே, வெள்ளை எழுத்தில் ஒரு பெயர்.

அந்தப் படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை நான் முழுவதும் படித்தேன். அந்த விமானி ஒரு காலைப் பயிற்சிக்குக் கடலுக்கு மேல் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்தை உருவாக்கியவர் அவருடைய தம்பி. அண்ணனுக்குக் கல்லறை இல்லாததால் இதை வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்த வேலைக் குறிப்புகளில் ஒரு வரி இருந்தது: உண்மையான மனிதர் யாருடைய பெயரும் விமானங்களில் வரக்கூடாது. அந்த ஆங்கிலக் குறிப்புகளை எங்கள் சென்டரில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். படித்து மற்றவர்களுக்குச் சொல்வது என் வேலை. அந்த வரியையும் நான் படித்திருந்தேன்.

படத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்து, பெரிதாக அச்சிட்டு, அக்காவின் மேசையில் வைத்தேன். மறுநாள் அவர் கூப்பிட்டார்.

"சார், இங்க கண்ணாடிக்குக் கீழ இன்னாவோ எழுதிக்கீது. பேரா?"

"பேர்தான்."

"யாருது?"

"ஓட்டறவர் பேரு. அவங்க ஊர்ல அப்படி எழுதுவாங்க."

"போடலாமா?"

"படத்துல இருக்கிறதைப் போடும்மா. அந்தச் சைசுக்கு யாரு படிக்கப் போறாங்க? ரெண்டு வெள்ளைக் கோடு இழுத்து விட்டுடு."

"கோடா?" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கோடு என்று நான் சொன்னதே அவருக்குக் கேவலமாகப் பட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் பக்கம் தள்ளினார். "எழுத்து எழுத்தா எழுதிக் குடுங்க. கீழ கையெழுத்து."

"இது என்ன புடவையா?"

"பேருதானே சார்."

பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் எழுதியிருந்த அத்தனையும் அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இருந்தது. கடல், திரும்பாத காலை, தம்பி எல்லாம். 'வேண்டாம்மா, வேறு ஏதாவது பேர் போடலாம்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். இங்கிலாந்தில் எவரோ ஒருவர் ஆரணியில் வரைந்த எழுத்தைப் பார்க்கவா போகிறார் என்று நினைத்தேன். பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேதியும் போட்டேன்.

சாதாரண டிசைனர் யாராக இருந்தாலும் அந்த அளவில் பெயர் ஒரு வெள்ளைத் தீற்றலாகத்தான் வந்திருக்கும். ஒருவரும் கண்டுபிடித்திருக்கமாட்டார்கள். கல்யாணப் பெயரை முந்தானையில் வைத்துப் பழகிய கைக்குத் தீற்றல் வராது. அக்கா இரண்டு நாள் அந்தப் பெயருக்கே செலவழித்தார். ஓர் எழுத்துக்கு மூன்று கட்ட அகலம். வெள்ளைக்கும் பச்சைக்கும் நடுவில் எங்கே ஒரு சாம்பல் கட்டம் வைத்தால் கண் அதை வளைவாக எடுத்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் துரத்தி வந்து பக்கத்தில் ஒதுங்கும் விமானத்திலிருந்து பார்த்தாலும் பெயர் படிக்க வந்தது.

சென்னையிலிருந்து போன் செய்தவர் மூச்சு வாங்கப் பேசினார். "சார், இப்பத்தான் உள்ள ஆள் இருக்கான். யாரு பண்ணினது? அந்த நாலு கட்டக் கண்ணு அக்காவா? அவங்களை எங்களுக்குக் கொடுத்துடுங்க சார்."

விளையாட்டாகச் சொல்லவில்லை. அக்காவைச் சென்னை அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வதாக முறையாகக் கடிதம் வந்தது. தை மாதம் சேர வேண்டும். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். அவர் கடிதத்தை வாங்கி, தம் பெயர் இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஸ்பெல்லிங் கரெக்டா கீதா சார்?"

"கரெக்டா இருக்கு."

"எங்க வீட்டுக்காரரு நம்பமாட்டேங்கிறாரு. பாவு குடுத்தா வேலை, குடுக்கலன்னா சும்மான்னு இருந்த வீடு. இப்ப தறியைக் கொழுந்தனாருகிட்ட விட்டுட்டு அவரும் வரேன்னிட்டாரு."

அவருக்கு அந்த வேலை எவ்வளவு பெரியது என்பதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி நான் சொல்வதை அதை வைத்து எடைபோடுங்கள்.

முதல் நான்கு ரகங்களுடன் விளையாட்டின் புதிய பதிப்பு மார்கழிக்கு முன் வெளிவந்துவிட்டது. மார்கழியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். டீ வந்திருந்தது. பொறுப்பாளர் போனில் பேசினார். குரலில் பழைய உற்சாகம் இல்லை.

"உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கேன் சார். படிங்க. ஒரு மணி நேரத்துல எனக்குப் பதில் வேணும். வெளிநாட்டுக் கம்பெனியில கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பேரு எப்படி வந்துது?"

அது தம்பியின் கடிதம். திட்டு ஒன்றும் இல்லை. அண்ணன் ஓட்டிய ரக விமானம் ஒரு விளையாட்டில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வாங்கினாராம். தாம் அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசையாம். முதல் ஆட்டத்தில் எதிரிலும் அதே ரகத்தில் நான்கு விமானங்கள் வந்தனவாம். இரண்டைச் சுட்டு வீழ்த்தினாராம். மூன்றாவதன் அருகில் போனபோதுதான் அதன் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்தாராம். மறுபடி ஆடிப் பார்த்தபோது நான்கிலும் அதே பெயர் இருந்ததாம். கடைசி வரி: 'இதை வரைந்தவருக்குத் தெரியுமா, தெரியாதா என்பது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும்.'

கையிலிருந்த டீயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது, அது கீபோர்டுக்குப் பக்கத்தில் தொடாமல் இருந்தது.

நான்கு என்றது எனக்கு விளங்கவில்லை. நாங்கள் வரைந்தது ஒரு தோல்தானே என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. ஒரு ரகத்துக்கு ஒரு தோல். விளையாட்டு அந்த ரகத்தில் எத்தனை விமானங்களைப் பறக்கவிட்டாலும் அதே தோலைத்தான் போர்த்தும். ஒரு மோட்டிஃபை வரைந்தால் அது புடவை முழுக்க வரும் என்பது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்தப் பெயரை நான் அப்படி நினைத்துப் பார்க்கவில்லை.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சென்னை அனுப்பியிருந்த குறுந்தகட்டைப் போட்டு ஆட்டத்தைத் திறந்தேன். சத்தம் கேட்டு டிசைனர்கள் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள். எனக்குச் சரியாக ஓட்டத் தெரியாது. எப்படியோ ஒரு விமானத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டேன். சுட்டேன். அது புகைந்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்ததில் அதன் விலா முழுவதும் திரையை நிறைத்தது. பெயர் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் படிக்கும்படி இருந்தது. பிறகு அது கடலை நோக்கிப் போனது.

பின்னால் அக்காவின் குரல். "நல்லா வந்துருக்குல்ல சார்? அவ்ளோ வேகத்துலயும் படிக்க வருது பாருங்க."

நான் திரும்பவில்லை. திரும்பினால் என் முகத்தைப் பார்த்துவிடுவார். இன்னொரு விமானம் குறுக்கே வந்தது. அதிலும் அதே பெயர். கணினியை அணைத்தேன்.

பதில் எழுத நாற்பது நிமிடம் மீதியிருந்தது. இந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும். நெருக்கடியில் அறிவு வேலை செய்யாது என்பார்கள். என் அறிவு அன்றைக்கு மிக நன்றாக வேலை செய்தது. உண்மையைச் சொன்னால் சென்டருக்கு இனி வேலை வராது, எட்டுப் பேர் வீட்டுக்குப் போவார்கள், ஆகவே நான் தப்புவது எனக்காக அல்ல என்று அது முதல் பத்து நிமிடத்தில் நிரூபித்துவிட்டது. அடுத்த அரை மணியில் ஒரு வாக்கியம் செய்து கொடுத்தது. 'எங்கள் டிசைனருக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தில் கண்டதை அப்படியே பார்த்து வரைந்துவிட்டார்.'

அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுகூட இல்லை. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார். தம்பி கேட்ட கேள்விக்கும் அது பதிலாகிவிட்டது: வரைந்தவருக்குத் தெரியாது. எழுதி அனுப்பியதும் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் திடுக்கென்கிறது. பொய் சொல்லும்போது மனம் இடிக்கும், அதுவே என்னைத் தடுத்துவிடும் என்று நம்பியிருந்தேன். உண்மைகளை மட்டும் பொறுக்கி அடுக்கியபோது மனம் இடிக்கவே இல்லை.

பெயரை அழித்து மாற்றுத் தோல் அனுப்பச் சொன்னார்கள். அக்காவிடம் சொன்னேன்.

"ஏன் சார், நல்லாத்தானே கீது?"

"மாத்தச் சொல்றாங்கம்மா."

"நாம வெக்கறதுக்குதான் ரெண்டு நாளாச்சு. எடுக்கறதுக்கு ரெண்டு நிமிசம்," என்று சொல்லிக்கொண்டே அழித்தார்.

மூன்றாம் நாள் பொறுப்பாளரே ஆரணிக்கு வந்தார். கூடக் கோப்பு ஒன்று. மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, என்னையும் அக்காவையும் உட்காரச் சொன்னார். அவர் நல்லவர்தான். அக்காவைக் காப்பாற்ற ஒரு வழி கிடைக்குமா என்று பார்க்கத்தான் வந்திருந்தார் என்று எனக்குப் பிறகு தோன்றியது.

"அக்கா, அந்தப் பேரு விஷயம். அது யாரு பேருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"ப்ளேன் ஓட்டறவரு பேருன்னு சார் சொன்னாரு."

"ஓட்டினவர் பேரு. செத்துப்போயிட்டாரு. அதே மாதிரி ப்ளேன்ல, கடல்ல. அவரோட தம்பி இந்தக் கேமை ஆடியிருக்காரு. அவர் கையாலயே ரெண்டு வாட்டி சுட்டுட்டு, அப்புறம்தான் பேரைப் படிச்சிருக்காரு."

அக்காவின் வாய் கொஞ்சம் திறந்து அப்படியே நின்றது. கை தானாகப் போய்ப் பக்கத்து மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"செத்தவரா?" என்றார். பொறுப்பாளரிடம் அல்ல. என்னைப் பார்த்து.

நான் பொறுப்பாளரின் கோப்பைப் பார்த்தேன்.

"படத்தைப் பார்த்து நீங்களா போட்டீங்களா, இல்ல யாராவது போடச் சொன்னாங்களா அக்கா? யோசிச்சுச் சொல்லுங்க. நான் மேல சொல்லியாகணும்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேர்ச்சீட்டு அவருக்குப் பின்னால் அலமாரியில் இருந்த எங்கள் சென்டர் கோப்பில், கிராஃபுடன் ஊசி குத்தி, என் கையெழுத்துடன் இருந்தது. அது எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். கீழே தெருவில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அப்போது எனக்கிருந்த ஒரே தைரியம் அதற்குத்தான் போதுமானதாக இருந்தது.

"நான்தான் போட்டேன்," என்றார் அக்கா. "படத்துல இருந்துது."

பொறுப்பாளர் தம் கோப்பை மூடினார். "அந்தப் பேரு போட்டவங்களை வேலைக்கு எடுத்துக்கிட்டோம்னு வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்குப் பெரிய பிரச்சினை ஆயிடும்க்கா. புரியுதுல்ல?"

"புரியுதுங்க."

கடிதத்தைத் திரும்பக் கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அக்காவே மறுநாள் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. அதன் மேல் இன்னொரு சிறு தாளையும் வைத்தார். பேர்ச்சீட்டு. என் பெரிய எழுத்துகள், என் கையெழுத்து, தேதி.

"இது எதுக்கும்மா?"

"கைமாறிப் போனப்புறம் சீட்டை எழுதனவங்ககிட்டயே குடுத்துடுவேன்ல சார். அதான் வழக்கம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது இங்க கெடந்தா உங்களுக்குத்தான் பேஜாரு. பத்திரமா வெச்சிக்குங்க."

அவர் திட்டுவார், அழுவார், சீட்டைக் காட்டி மிரட்டுவார் என்று இரவெல்லாம் தயாராகிக்கொண்டிருந்தேன். அதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்த மாதக் கடைசியில் அவர் நின்றுவிட்டார். செய்யாற்றுத் தொழிற்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில், தைத்து வரும் மேல்தோலைச் சரிபார்க்கும் பிரிவில் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டேன். சில நாட்கள் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களுக்கு நடுவில் அவரைப் பார்ப்பேன். என்னைப் பார்த்தால் சிரிப்பார். நான் வேறு தெரு வழியாகப் போகப் பழகிக்கொண்டேன். சென்டர் இன்னும் சில ஆண்டுகள் ஓடியது. ஆறு விமானங்களும் முடிந்தன. பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் என் பெயர் இருந்தது.

நான் உண்மையை எழுதத் துணிந்தபோது வெகுகாலம் ஆகியிருந்தது. சென்னைப் பொறுப்பாளர் வெளிநாடு போய்விட்டார். தம்பியின் இணையப் பக்கத்தைத் தேடினேன். அது இருந்த முகவரியில் இப்போது ஒன்றும் இல்லை. தாமதிப்பதால் என்ன கெட்டுவிடும் என்று நீங்கள் எப்போதாவது நினைத்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் எதிரில் ஆள் வேண்டும். எனக்கு மிச்சமிருந்தது ஒருவர்தான்.

இந்தக் கட்டுரையை ஒப்புக்கொண்ட பிறகு, சென்ற மாதம் முள்ளிப்பட்டுக்குப் போனேன். அக்கா முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். கழுத்திலிருந்த கம்பெனி அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். இன்னா இவ்ளோ தூரம்? போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பனே."

உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தார். உங்களுக்காக எழுதப்போவதைச் சொன்னேன். அக்காவின் பெயரைப் போட்டு, அந்த வேலை யாருடைய கைவேலை, அந்தத் தவறு யாருடையது என்று இரண்டையும் எழுதப்போகிறேன் என்றேன். வழக்கப்படி அவர் கையால் ஒரு பேர்ச்சீட்டு வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

"இன்னும் ஞாபகம் வெச்சிகினு கீறீங்களா சார். அதெல்லாம் எப்பவோ போச்சு. நீங்களும் தெரியாமதானே பண்ணீங்க. அதுக்காகத்தான் அன்னிக்கு நான் வாயத் தொறக்கல. தெரியாம பண்ணவங்க ரெண்டு பேரு எதுக்கு மாட்டணும், ஒருத்தரு போதும்னு."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நான் தெரிந்தே செய்தேன் என்று அவருக்குத் தெரியும், தெரிந்தும் பெருந்தன்மையாக இருந்துவிட்டார் என்றே இத்தனை ஆண்டுகள் நினைத்திருந்தேன். அவரோ என்னைத் தம்மைப் போன்றவன் என்று நினைத்திருக்கிறார். எழுந்து வந்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அவர் நினைப்பு அப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று, அந்தப் பழைய அறிவு மறுபடி வேலை தொடங்கியது.

"எனக்குத் தெரியும்மா," என்றேன். "அந்தப் படத்துக்குக் கீழ எல்லாம் எழுதியிருந்தது. முழுசாப் படிச்சேன். அவர் செத்துட்டார், தம்பிதான் அதைப் போட்டிருக்கார்னு தெரியும். பேர் போடக் கூடாதுன்னு கம்பெனி சொல்லியிருந்ததும் தெரியும். தெரிஞ்சுதான் உனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்."

அக்கா என்னைப் பார்த்தார். அன்று சென்டரில் பார்த்த அதே முகம். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கை ஆணியில் தொங்கிய அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"எழுதறப்பவே தெரியுமா?"

"தெரியும்."

பக்கத்து வீட்டுத் தறி அடித்துக்கொண்டிருந்தது. பிறகு, "நல்லா வந்துருக்குன்னு சொல்லி நான் பல்லை இளிச்சிகினு நின்னேன் சார்," என்றார். "அப்பக்கூட நீங்க ஒரு வார்த்தை சொல்லல."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை எடுத்துக்கொள்ளவும் இல்லை, தள்ளவும் இல்லை. உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு துண்டுத் தாளும் பேனாவும் இருந்தன.

"என் பேரு வேணாம் சார். போட்டா அழிக்க முடியாது. உங்க பேரப் போடுங்க." தாளை என் முன் வைத்தார். "எழுத்து எழுத்தா எழுதுங்க. கீழ கையெழுத்து."

எழுதினேன். ஓர் எழுத்து சரியாக விழவில்லை. அவர் அதைச் சுட்டிக்காட்டி, மறுபடி எழுதச் சொன்னார். வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்து, ஆணியில் தொங்கிய கம்பெனி அட்டையின் உறைக்குள் செருகினார்.

"புக்கு வந்ததும் எடுத்துகினு வாங்க. இப்ப சொன்னதெல்லாம் அதுல கீதான்னு படிச்சுப் பார்க்கறேன். இருந்துதுன்னா சீட்டைத் திருப்பித் தரேன்."

சீட்டு இப்போது அவரிடம் இருக்கிறது. அதில் எழுதிக் கொடுத்த பெயர் இதுதான்.

வெ. தாமோதரன்